28 பிரதிகள்: ஜெலட்டின் தட்டில் தொடங்கிய ஒரு ரசிகர் இதழ்

கடைசிப் பிரதிக்கு மூன்றாவது பின்னையும் அடித்து முடித்துவிட்டேன். மேஜைமேல் 28 இதழ்கள் அடுக்கியிருக்கின்றன. 40 போடுவதாகத்தான் திட்டம். ஏழு வாரத்து ஓய்வு நாள்கள் முழுக்க இதற்கே போயின. 40 எப்படி 28 ஆனது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். இதில் இறங்கப்போகும் வேறு யாருக்காவது ஒரு தட்டு ஜெலட்டினாவது மிச்சமாகட்டும்.

நான் செய்ய நினைத்தது இதுதான்: ஃபேன்ஸீன், சுருக்கமாக ஸீன் என்று சொல்லப்படும் ரசிகர் இதழ்களின் வரலாற்றை ஓர் இதழாக்க வேண்டும். ஒவ்வொரு காலத்தைப் பற்றிய தாளையும் அந்தக் காலத்து ரசிகர்கள் எந்த முறையில் பிரதி எடுத்தார்களோ அதே முறையில் எடுக்க வேண்டும். 1930களுக்கு ஜெலட்டின் தட்டு, அடுத்து மெழுகுத்தாள், கார்பன், கடைசியில் ஒளிநகல்.

முதல் தவறு காகிதத்தில் எதையும் அடிப்பதற்கு முன்பே நடந்தது. 4 ஏ4 தாள்களை நடுவில் மடித்து 16 பக்கமாகக் கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மடித்துக் கட்டும் இதழில் ஒரு தாளின் நான்கு பக்கங்கள் அடுத்தடுத்து வராது. வெளித்தாளில் 1, 2, 15, 16 வரும். அடுத்த தாளில் 3, 4, 13, 14. பக்கத்தில் பக்கமாக இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. ஆக, ஜெலட்டினில் எடுத்த ஒரே தாள் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் போய் உட்காரும். 1930களின் கதை 1990களுக்குப் பிறகு முடியும். வெற்றுத்தாளை மடித்து எண் போட்டுப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. அதற்குள் இரண்டு பக்கத்துக்கு எழுத்து வேலை முடிந்திருந்தது. மாதிரி மடித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடவே கூடாது.

பழைய அறிவியல் புனைகதை ரசிகர்களின் இதழ்கள் பெரும்பாலும் தனித்தனித் தாள்களை அடுக்கி இடது ஓரத்தில் பின் அடித்தவை. அதற்கே மாறினேன். ஏ5 அளவில் 11 தாள்கள், எல்லாம் ஒரு பக்க அச்சு: அட்டை 1, ஜெலட்டின் 2, மெழுகுத்தாள் 2, கார்பன் 1, ஒளிநகல் 5.

ஜெலட்டின் முறைக்கு ஹெக்டோகிராஃப் என்று பெயர். கிரேக்கத்தில் நூறு என்ற சொல்லிலிருந்து வந்தது. நூறு பிரதி வரும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். வேலை எளிமையானது. சாயம் மிகுந்த மையால் ஒரு தாளில் எழுதி, அதை ஜெலட்டின் பரப்பில் கவிழ்த்து ஒட்டி எடுத்தால் எழுத்து ஜெலட்டினில் இறங்கிவிடும். பிறகு அதன்மேல் வெற்றுத்தாளை வைத்துத் தடவி எடுக்க எடுக்கப் பிரதிகள் வரும். 1930களில் கையில் காசில்லாத இளைஞர்களுக்கு எட்டிய கருவி இதுதான்.

18க்கு 24 செ.மீ. தட்டு எடுத்துக்கொண்டேன். ஆழம் 1 செ.மீ. வேண்டும். முதல் கலவையில் ஜெலட்டின் 45 கிராம், தண்ணீர் 300 மி.லி., கிளிசரின் 120 மி.லி. போட்டேன். இறுகியதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது தாளை உரிக்கும்போது மேல்தோல் தாளோடு பிய்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஓரமெல்லாம் காய்ந்து சுருங்கி, பூஞ்சையும் பிடித்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

இரண்டாவது கலவைதான் நின்றது. ஜெலட்டின் அதே 45 கிராம், தண்ணீர் 150 மி.லி., கிளிசரின் 270 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் ஜெலட்டினை அரை மணி நேரம் ஊறவைத்து, கிளிசரினைத் தனியாகச் சூடாக்கி, இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெல்லக் கரைக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரை வரும். நுரைத்தால் ஒவ்வொரு குமிழும் பிரதியில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். ஊற்றிய உடனே தடித்த அட்டையின் ஓரத்தால் மேற்பரப்பை ஒருமுறை இழுத்தேன். குமிழெல்லாம் ஒரு மூலைக்கு வந்துவிட்டது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இது இன்னும் காயவில்லை, பூஞ்சையும் இல்லை.

மைக்கு, பச்சை குத்துகிறவர்கள் தோலில் படத்தைப் பதிக்க வைத்திருக்கும் ஊதாத் தாளை வாங்கினேன். அது ஹெக்டோகிராஃப் கார்பனின் வாரிசுதான். நடுவில் இருக்கும் மெல்லிய காப்புத்தாளை எடுத்துவிட்டு மேல்தாளில் அழுத்தி எழுதினேன். கீழே இருக்கும் சாயம் மேல்தாளின் முதுகில் ஏறிக்கொண்டது. அந்த முதுகை ஜெலட்டினில் ஒட்டி எடுத்து, முதல் பிரதியை உரித்துப் பார்த்தால், எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வந்திருக்கிறது. ழகரத்தின் வால் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. முதலில் தாளைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்து ஆறு பிரதி வரை எடுத்துவிட்டேன்.

நிதானமாக யோசித்தபோது புரிந்தது. தோலில் நேரடியாக ஒட்டுவதற்கு முதுகுப் பக்கம் இடவலம் மாறி இருப்பதுதான் சரி, ஒரு தடவை திரும்பினால் நேராகிவிடும். ஜெலட்டினில் இரண்டு தடவை திரும்புகிறது: தாளிலிருந்து தட்டுக்கு ஒன்று, தட்டிலிருந்து பிரதிக்கு இன்னொன்று. அதனால் மூலத்தில் எழுத்து நேராக இருக்க வேண்டும். ஊதாத் தாளைத் தனியாகக் கிழித்து, சாயப் பக்கம் கீழே பார்க்கும்படி வெற்றுத்தாள்மேல் கவிழ்த்து, அதன் முதுகில் எழுத வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் தட்டில் ஏற்கெனவே இறங்கிய சாயம் அடியில் அமிழ ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பஞ்சை நனைத்துப் பிழிந்து தட்டின்மேல் ஒருமுறை தடவி, மிச்ச ஈரத்தைப் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்தேன். மூலத்தைக் கவிழ்த்து 3 நிமிடம். உரித்ததும் ஜெலட்டினில் என் கையெழுத்து இடவலம் மாறி, ஈரமாக, ஊதாவாக மின்னியது. முதல் பிரதிக்கு 5 நொடி போதும். பத்தாவதுக்கு 15. இருபதுக்குமேல் 40 நொடி வைத்து நகத்தால் தேய்த்தேன். முதல் பிரதி கண்ணைப் பறிக்கும் ஊதா, பதினைந்தாவது மல்லிகைக்காம்பின் வெளிறிய நிறம். 31 வரை வாசிக்க முடிந்தது. 32இல் வரிகள் இருப்பது தெரிகிறது, சொற்கள் தெரியவில்லை. இரண்டாவது தாளுக்கு ஈரத்தைச் சரியாக ஒற்றாமல் விட்டேன். கோடுகள் கசிந்தன, 28தான் தேறியது.

இங்கேதான் இதழின் எண்ணிக்கை முடிவானது. தட்டில் இறங்கிய சாயம் எவ்வளவோ அவ்வளவுதான். நடுவில் மை ஊற்ற வழியில்லை. ஒவ்வொரு பிரதியும் அடுத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. பழைய ரசிகர் இதழ்கள் ஏன் நாற்பது ஐம்பது பேருக்குள் சுற்றின என்று பலமுறை படித்திருக்கிறேன். 32ஆவது தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அது கைக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு தாள்களில் இருப்பது ஆரம்பக் கதை. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகை, வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு வெளியிட்டது. வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். அப்படி முளைத்த சங்கங்களில் ஒன்று 1930 மே மாதம் 'தி காமெட்' என்ற இதழைக் கொண்டுவந்தது. அறிவியல் புனைகதையின் முதல் ரசிகர் இதழ் என்று பொதுவாகச் சொல்வது அதைத்தான். ஃபேன்ஸீன் என்ற சொல் வர இன்னும் பத்து ஆண்டு ஆனது: 1940 அக்டோபரில் ரஸ்ஸல் ஷோவனே தன் 'டீடூர்ஸ்' இதழில் உருவாக்கிய சொல் அது. பொருள் முன்னே வந்து பெயர் பின்னால் வந்தது.

அடுத்தது மெழுகுத்தாள். சைக்ளோஸ்டைல் என்றால் தெரியும். எடிசனின் 1876 காப்புரிமையில் தொடங்கி, 1887இல் சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் மிமியோகிராஃப் என்ற பெயரில் விற்ற கருவிகளின் குடும்பம் இது. உருளை இயந்திரம் என்னிடம் இல்லை. அதற்கு முந்தைய தட்டை வடிவத்தைச் செய்துகொண்டேன்: 22க்கு 28 செ.மீ. மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலைத்துணி, கீழ்ப்பலகையோடு இரண்டு கீல்.

மெல்லிய டிஷ்யூ தாளில் மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டு, மேலே ஒரு தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் மிதமான சூட்டில் தேய்த்தேன். தீர்ந்துபோன பந்துமுனைப் பேனாதான் எழுத்தாணி. முதலில் கண்ணாடிமேல் வைத்து எழுதினேன். மெழுகு நசுங்கியது, துளை விழவில்லை. 400 எண் உப்புத்தாளை அடியில் வைத்ததும் ஒவ்வொரு கோடும் நுண்துளை வரிசையாக மாறியது. துளை வழியே மை இறங்கும் இந்தத் தாள்தான் ஸ்டென்சில்.

சிக்கல் நம் எழுத்தின் சுழிகளில் வந்தது. மூன்று சுழி ணகரத்தை வழக்கம்போல இறுக்கி எழுதினால் சுழிக்குள்ளிருக்கும் மெழுகு மொத்தமாகப் பெயர்ந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக விழுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி குத்தும் இடமெல்லாம் ஓட்டை. இரண்டு ஸ்டென்சில் வீணான பிறகு எழுத்தை 8 மி.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கினேன், சுழியை முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி விட்டேன், புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் போட்டேன். ஆங்கிலத் தட்டச்சுக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஓ எழுத்தின் நடுப்பகுதி கழன்று விழும். பிழை திருத்த அவர்கள் பூசிய திரவத்துக்கு ரசிகர் பாஷையில் 'கார்ஃப்ளூ' என்று பெயர். 1984இல் தொடங்கிய ஃபேன்ஸீன் ரசிகர்களின் மாநாட்டுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நான் நிறமற்ற நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன். அருமையாக அடைத்தது.

மை பூசி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. முதல் நான்கு தாளில் திட்டுத்திட்டாக வந்தது, ஐந்தாவதிலிருந்து சீரானது. ஒரு ஸ்டென்சில் 36 கொடுத்தது, இன்னொன்று 33இல் மடிப்பு ஓரமாகக் கிழிந்தது. இங்கே மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். தாங்க வேண்டியது ஸ்டென்சில் மட்டுமே. அந்தச் சுதந்திரம் கையில் உடனே தெரிகிறது.

ஒரு பெரிய தவறு: வழவழப்பான தாளில் அடித்து, ஈரத்தோடு அடுக்கிவிட்டேன். ஒன்றின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டி 11 தாள் போயிற்று. அந்தக்கால ரசிகர்கள் மையை உறிஞ்சும் சொரசொரப்பான தாளைத் தேடிப் போனதும், தாளுக்கும் தாளுக்கும் நடுவே கழிவுத்தாளைச் செருகியதும் இதற்காகத்தான். நானும் செருகினேன்.

இந்தத் தாள்களில் இரண்டு கதைகள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் மாணவர்களாக இருந்தபோது மிமியோகிராஃபில் கொண்டுவந்த இதழில், 1933 ஜனவரியில், சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் வந்தது. அந்தச் சூப்பர்மேன் மொட்டைத்தலை வில்லன். நாயகனாகி அச்சுக் காமிக்ஸுக்குப் போனது 1938இல். இன்னொன்று 1967இல் டெவ்ரா லாங்சமும் ஷெர்னா கமர்ஃபோர்டும் வெளியிட்ட 'ஸ்பாக்கனேலியா', ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழ். இன்றைய ரசிகர் புனைவின் பெரும்பகுதிக்கு ஊற்று இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். அது பெண்கள் நடத்திய இதழ் என்பதைக் கூடுதல் அழுத்தத்தோடு எழுதினேன். அந்த வரியில் எழுத்தாணி கொஞ்சம் கிழித்தே விட்டது.

கார்பன் தாளுக்கு ஒரே பக்கம்தான் ஒதுக்கியிருந்தேன், அதுவே கையை ஒடித்தது. சாதாரணத் தாளில் மூலத்தோடு 3 கார்பன் தெளிவாக வந்தது. மெல்லிய தாளுக்கு மாறியதும் 4. ஆக ஒரு எழுத்தில் 5 பிரதி. 28 வேண்டுமானால் அதே பக்கத்தை ஆறு முறை எழுத வேண்டும். எழுதினேன். முடித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆறும் ஆறு விதம்: மூன்றாவதில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, ஐந்தாவதில் வாக்கியமே நான் அறியாமல் மாறியிருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே சேர்த்துவிட்டேன். சோவியத் ஒன்றியத்தில் தணிக்கைக்குத் தப்பிக் கைமாறிச் சுற்றிய சமிஸ்தாத் எழுத்துகள் இப்படித்தான் பயணப்பட்டன. 1968இல் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு' என்ற மனித உரிமைச் செய்தி இதழ், கையில் கிடைத்தவர் மறுபடி தட்டச்சு செய்து அடுத்தவருக்குக் கொடுத்தே பரவியது. பிடிபட்டால் சிறை என்ற நிலையில் ஆறாவது முறை எழுதிய கைகளை நினைத்துக்கொண்டே எழுதினேன்.

1947இல் லாஸ் ஏஞ்சலஸில், பின்னாளில் லிசா பென் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஒரு பெண் 'வைஸ் வெர்சா' இதழை இப்படிக் கார்பன் வைத்து அலுவலகத் தட்டச்சுப்பொறியில் அடித்தார். பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக வட அமெரிக்காவில் வந்த முதல் இதழ் அது. ஒன்பது இதழ்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி அளவுக்குத்தான். படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்திலும் இருந்தவர் என்பதால் என் இதழில் இரண்டு ஓடைகளும் அந்தத் தாளில் சந்திக்கின்றன.

ஒளிநகல் கட்டம் ஒன்றரை நாளில் முடிந்தது. செஸ்டர் கார்ல்சன் 1938இல் கண்டுபிடித்ததை ஜெராக்ஸ் 914 என்ற இயந்திரமாக 1959இல் அறிவித்தார்கள். அலுவலகங்களுக்குள் அது நுழைந்த பிறகு, வேலை நேரம் முடிந்ததும் யாரோ ஒரு நண்பர் அடித்துக் கொடுக்கும் வாய்ப்பு வந்தது. மார்க் பெர்ரி 1976இல் லண்டனில் 'ஸ்னிஃபின் க்ளூ' பங்க் இசை இதழைத் தொடங்கியபோது முதல் இதழ் 50 பிரதி. ஒரு வருடத்துக்குள் ஆயிரக்கணக்கில் போனது. தலைப்புகளெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியவை. 1991இல் 'பிகினி கில்' இதழின் இரண்டாவது வெளியீட்டில், ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கத்தின் அறிக்கை வந்ததும் இதே வெட்டி ஒட்டும் முறையில்தான்.

வெட்டி ஒட்டியதில் இரண்டு பாடம். ஒட்டிய துண்டின் ஓரம் நகலில் சாம்பல் கோடாக விழும். முதல் நகலில் வெள்ளைத் திருத்தப் பேனாவால் அழித்து, அந்த நகலையே மூலமாக வைத்தால் போய்விடும். அளவுக்கோடுகளை வெளிர்நீலப் பென்சிலால் போட்டேன், நகலில் வரவே இல்லை. இயந்திரம் தாளின் விளிம்பில் 5 மி.மீ. அச்சடிக்காது என்பதை மறந்து ஒரு பக்கத்தின் கீழ்வரியை இழந்தேன். அதை எல்லாப் பிரதியிலும் கையால் எழுதிச் சேர்த்தேன்.

கட்டுவதற்கு 11 குவியல்களை மேஜையைச் சுற்றி வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். 28 சுற்று. 1937இல் தொடங்கிய ஃபாப்பா போன்ற ரசிகர் அச்சுச் சங்கங்களில் உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் இதழைக் குறித்த எண்ணிக்கையில் ஒருவருக்கு அனுப்பிவிட, அவர் இப்படிச் சேர்த்துக் கட்டி எல்லாருக்கும் திருப்பி அனுப்புவார். அந்த ஒருவரின் முதுகுவலி எனக்கு இப்போது தெரியும்.

இடது ஓரம் 12 மி.மீ. விட்டிருந்தேன், பின் 6 மி.மீ.யில். போதும் என்று நினைத்தேன். ஓரத்தில் பின் அடித்த இதழ் தட்டையாக விரியாது. உள்ளே இன்னும் ஒரு விரல் அகலத்தை விழுங்கிவிடும். தேறாத தாள்களை வைத்துச் செய்த மாதிரியில் ஒளிநகல் பக்கங்களின் முதல் எழுத்து மறைந்தது. ஒவ்வொரு தாளையும் இரும்பு அளவுகோல் வைத்து, ஓரத்திலிருந்து 10 மி.மீ.யில் மழுங்கிய கத்தியால் கோடு அழுத்தி மடித்த பிறகு விரிந்து கொடுத்தது. 308 தாளுக்கும் அந்தக் கோடு.

செலவுக் கணக்கைத் தாளிலும் நேரத்திலும் வைத்திருக்கிறேன். இதழுக்குள் போன தாள் 308, வீணானது 143. ஜெலட்டின் தாள்கள் இரண்டுக்கு 19 மணி நேரம், மெழுகுத்தாள் இரண்டுக்கு 14, கார்பன் ஒன்றுக்கு 6, ஒளிநகல் ஐந்துக்கும் சேர்த்து 9, கட்டுவதற்கு 7. பொருள்களில் அதிகம் விழுங்கியது கிளிசரின். ஆனால் அந்தத் தட்டு இனி பல இதழ்களுக்கு வரும்.

பிரதிக்கு விலை வைக்கவில்லை. பழைய ரசிகர் இதழ்களில் 'வழக்கமானதுக்குக் கிடைக்கும்' என்று போட்டிருப்பார்கள். உங்கள் இதழைப் பதிலுக்கு அனுப்பினாலோ, எழுத்தோ படமோ தந்தாலோ, படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினாலோ இதழ் உங்களுக்கு வரும். நானும் அட்டையின் அடியில் அதையே எழுதியிருக்கிறேன்.

அடுத்த தடவை மாற்றப்போவது: இடது ஓரம் 22 மி.மீ. ஊதாத் தாளில் பேனாவுக்குப் பதில் கூர்மையான எழுத்தாணி. அழுத்தம் கூடினால் சாயம் கூடுதலாக ஏறும், 35 பிரதியைத் தொடலாம். ஜெலட்டினில் பல நிறத்தை ஒரே மூலத்தில் எழுதி ஒரே தடவையில் எடுக்கலாம். 1930களின் அட்டைப்படங்களில் அந்த அழகைக் காணலாம். அதற்குச் சிவப்பும் பச்சையுமான தாள் தேட வேண்டும். கார்பனுக்குத் தட்டச்சுப்பொறி இல்லாமல் இறங்கமாட்டேன். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடு தொடங்கிய காமிக்கெட் என்ற ரசிகர் இதழ்ச் சந்தையையும், தோஜின்ஷி எனப்படும் ஜப்பானின் சுயவெளியீட்டு இதழ்களையும் இந்த இதழில் சேர்க்க இடமில்லை. என் இரண்டாவது இதழ் முழுக்க அவற்றுக்கே.

நேற்றிரவு தட்டைக் கொதிநீர்மேல் வைத்து ஜெலட்டினை மறுபடி உருக்கி ஊற்றினேன். பழைய சாயமெல்லாம் கரைந்து தட்டு முழுக்க ஒரே வெளிர் ஊதா. காலையில் வெற்றுத்தாள் ஒன்றை ஒட்டி எடுத்துப் பார்த்தேன். தாள் சுத்தமாக வந்தது.